புன்னை நிழலில் ஐம்பது பேர்

பாம்பனுக்கு நிலவழியாக வருகிற எவரும் மண்டபம் என்ற ஊரைக் கடந்தாக வேண்டும். அந்த மண்டபத்தைக் கடந்து வந்து, மண்டபமே வேண்டாம் என்ற ஒரு திருமணத்தை நடத்திக்கொடுக்கும் பொறுப்பு எங்கள் வாசகர் வட்டத்தின் மேல் விழுந்தது. மணமக்கள் இருவரும் எங்கள் கூட்டங்களுக்கு வந்துபோகிறவர்கள். வேறு வேறு சாதியினர். மணமகன் வீட்டார் வருவார்கள், மணமகள் வீட்டார் வரமாட்டார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஐம்பது பேர் போதும், கடல் தெரிய வேண்டும், மர நிழல் வேண்டும், கூரை வேண்டியதில்லை என்றார்கள். கடலோரத்தில் ஊர்ப் பொதுவான ஒரு தோட்டத்தை நாங்கள் மனத்தில் குறித்துக்கொண்டோம். நான்கைந்து புன்னைகள், சில தென்னைகள், சிமெண்டுத் திண்டுகள், அவற்றுக்கு அப்பால் மணல்.

அனுமதி கேட்கப் போன அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் அல்லர். மனுவை இருமுறை படித்துவிட்டு, "ஏன், மண்டபம் பிடிக்க வசதியில்லையா?" என்று கேட்டார். வசதியின்மை காரணமன்று என்றதும் அவர் முகம் மாறியது. "இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம். நம்ம வழக்கத்தில் கிடையாது" என்றார். இரண்டாம் முறை வரச் சொன்னார். மூன்றாம் முறையும் போனோம்.

அந்த வாக்கியம் எங்களை விட்டு நீங்கவில்லை. நம் வழக்கத்தில் கிடையாதா? வீடு திரும்பிப் புத்தகங்களை எடுத்தோம். அந்தத் தேடலில் கிடைத்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

தமிழில் திருமணக் காட்சி என்றதும் அறிஞர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது அகநானூற்றின் இரண்டு பாடல்கள்: நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலும், விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலும். இரண்டிலும் பேசுபவன் கணவன். தன் மணநாளை நினைத்துப் பார்க்கிறான். முதற் பாட்டில் உழுந்து சேர்த்துச் சமைத்த சோற்று விருந்து நடக்கிறது. வரிசையாகக் கால் நாட்டிய பெரும்பந்தலில் புதுமணல் கொண்டுவந்து பரப்பியிருக்கிறார்கள். விளக்கேற்றி மாலை தொங்கவிட்டிருக்கிறார்கள். திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நல்வேளையில், இருள் நீங்கும் விடியலில், முதிய மகளிர் தலையில் குடங்களோடு வருகிறார்கள். மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகளின் கூந்தலில் சொரிந்து வாழ்த்துகிறார்கள். அவ்வளவுதான், மணம் முடிந்தது. புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை. இரண்டாம் பாட்டில் இறைச்சி கலந்த நெய்ச்சோறு, புள் நிமித்தம், முழவொலி, வாகை இலையும் அறுகம்புல்லும் சேர்த்த வெண்ணூல் காப்பு என்று சில விவரங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஆனால் அங்கும் மணல் நிறைந்த பந்தல்தான்.

இரு பாடல்களிலும் பொதுவாக நிற்பவை பந்தலும் மணலும் என்பதைக் கவனிக்க வேண்டும். பந்தல் வீட்டுக்கு வெளியே போடுவது. அதற்குச் சுவர் கிடையாது. தெருவில் போகிறவன் நின்று பார்க்கலாம். மணமகளின் தலையில் நீர் சொரிவதை ஊர் முழுவதும் காணலாம். பந்தக்கால் நடுவதை இன்றும் மண வேலையின் தொடக்கமாகக் கொள்கிறோம். முள்முருங்கைக் கிளையை அரசாணிக்காலாக நடும் வழக்கமும் மறையவில்லை. குளிரூட்டிய மண்டபத்துக்குள் சிமெண்டுத் தரையில் மணல் நிரப்பிய தகரத்தைக் கொண்டுவந்து, அதில் ஒரு கிளையைச் செருகி நிறுத்துகிறோமே, அது எதன் நினைவு? திறந்த வெளியின் நினைவு. கூரைக்குள் குடிபெயர்ந்த மணம் தன் பழைய வீட்டிலிருந்து எடுத்துவந்த ஒரே பொருள் அந்தக் கிளை.

பெருமணமும் தமிழுக்குப் புதிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலன் திருமணச் செய்தியை யானைமேல் ஏற்றிய மகளிர் நகரெங்கும் சொல்கிறார்கள். மணித்தூண் மண்டபம், நீல விதானம், முத்துப்பந்தல், முதுபார்ப்பான், தீவலம் என எல்லாமே பூம்புகார் வணிகரின் செல்வத்துக்கு ஏற்ற அளவில் இருக்கின்றன. ஆக, மண்டபக் கல்யாணத்துக்கும் நம்மிடம் முன்னோடி உண்டு. ஆனால் அது பெருவணிகர் மாளிகையின் மண்டபம். ஏனையோர்க்கு வாசலும் தெருவும்தான் மண்டபங்கள். பின்னாளில் வழிப்போக்கருக்காகக் கட்டிய சத்திரங்கள் மணத்துக்கும் இடம் கொடுத்தன. கல்யாணச் சத்திரம் என்ற சொல் அந்த மாற்றத்தின் சான்று. வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய கல்யாண மண்டபம் அதற்கும் பிற்பட்டது. இன்று நம் வழக்கம் என்று அலுவலர் சொன்னது பெரும்பாலும் நம் பாட்டன்மார் காலத்தில் பிறந்த வழக்கம்.

*

பந்தல் ஊரறிந்த மணத்துக்கு. ஊரறியாத மணத்துக்குச் சங்கப் பாடல்கள் தரும் இடம் சோலை. நெய்தல் திணையில் அது புன்னையும் தாழையும் நிறைந்த கடற்கரைக் கானல். பாம்பன் தீவின் கரையில் நடந்தவர்களுக்கு அந்த நிலத்தை விளக்க வேண்டியதில்லை.

கானலில் யார் சாட்சி? இந்தக் கேள்வி அக்காலத்தவரையும் உறுத்தியிருக்கிறது. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் படைத்த தலைவி, அவன் என்னை மணந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள். ஒரு குருகு மட்டும் இருந்தது, அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள். சாட்சியில்லாத சொல்லின் அச்சத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பாட்டை நாங்கள் அறியோம். நற்றிணை 172இல் நிலைமை தலைகீழ். விளையாட்டில் மணலில் புதைத்த புன்னை விதை முளைத்து மரமாகிவிட்டது. அது உனக்குத் தங்கை என்று தாய் சொல்லியிருக்கிறாள். ஆகவே அதன் நிழலில் உன்னோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது என்கிறாள் பெண். ஒருத்திக்குச் சாட்சி இல்லையே என்ற கவலை. மற்றொருத்திக்கு மரமும் சாட்சியாக நிற்கிறதே என்ற கூச்சம்.

தொல்காப்பியம் இதைச் சட்டமாகவே பேசுகிறது. பொய்யும் பிழையும் தோன்றிய பிறகு பெரியோர் சடங்கை வகுத்தனர் என்பது கற்பியலின் புகழ்பெற்ற நூற்பாவின் கருத்து. அதற்குச் சற்று முன்னாலேயே அவ்வளவு புகழ்பெறாத இன்னொரு நூற்பாவும் இருக்கிறது. உடன்போக்கில் சென்றவர்க்குக் கொடுப்போர் இல்லாமலும் சடங்கு உண்டு என்பது அதன் கருத்து. பெண்ணைக் கொடுக்க ஆளில்லாவிட்டாலும் மணம் மணமே. எங்கள் மணமகளிடம் இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

*

இதே சிக்கலை உலகின் மறுபுறத்திலும் காண்கிறோம். ஐரோப்பாவில் நடுக்காலம் முழுவதும், ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் சம்மதம் சொல்லிக்கொண்டாலே கத்தோலிக்கத் திருச்சபையின் கண்ணில் மணம் செல்லும். தோட்டத்தில் சொன்னாலும் சரிதான். பிறகு ஒருவர் மறுத்துவிட்டால் நியாயம் கேட்கச் சாட்சி இராது. திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் இதற்கு முடிவு கட்டியது: பங்குத்தந்தையும் இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாமல் நடக்கும் மணம் செல்லாது. சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த 1542க்குப் பின் இருபத்தொரு ஆண்டுகளில் பிறந்த விதி அது. கத்தோலிக்க மீனவர் நிறைந்த பாம்பன் கரையில் இன்றும் அது வாழ்கிறது. அவர்களுடைய திருமணம் ஆலயத்துக்குள் நடக்கிறது. அதே கரையில் வாழும் இஸ்லாமியரின் நிக்காஹில் இடத்தைவிடச் சாட்சிகள் முக்கியம். சம்மதமும் மஹரும் சாட்சிகளும் இருந்தால் பந்தலிலும் நடக்கும், பள்ளிவாசலிலும் நடக்கும்.

வெளிநாட்டுப் பழக்கம் என்றாரே, அதையும் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுச் சட்டம் மணத்தைப் பெரும்பாலும் தேவாலயத்துக்குள் அடைத்தது. பெற்றோர் சம்மதம் கிடைக்காத இளையோர் எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள். பதிவுமணம் 19ஆம் நூற்றாண்டில் வந்தும் அது நான்கு சுவர்களுக்குள்தான் நடக்க வேண்டியிருந்தது. அங்கீகாரம் பெற்ற விடுதிகளில் கூடத் திறந்த வெளியில் பதிவுமணம் செய்துகொள்ள 2021 சூலை 1 முதல்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் பெருந்தொற்றின் காரணமாக. நல்லாவூர் கிழாரின் பந்தலுக்கு அவர்கள் வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

*

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 1928 மே 28ஆம் நாள், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் என்ற சிற்றூரில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அதைக் குறிப்பது வழக்கம். அவ்வூர் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகே விருதுநகரின் பக்கம் போனது. பாம்பனும் சுக்கிலநத்தமும் அன்று ஒரே மாவட்டத்தின் கிழக்கும் மேற்கும். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. கூடியிருப்போர் முன்னிலையில் மணமக்கள் ஏற்றுக்கொள்ளும் உறுதிமொழியே மணம். அதன்பின் நடந்த இத்தகைய மணங்கள் பலவும் பொதுக்கூட்டங்களைப் போலவே இருந்தன. சொற்பொழிவு கேட்க அழைப்பில்லாதவர்களும் வந்து நின்றார்கள்.

ஆனால் ஊர் ஒப்பினாலும் நீதிமன்றம் ஒப்பவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணம் ஒன்றைச் சட்டப்படி செல்லாதது என்று தீர்ப்பளித்தது. வழக்கமான சடங்குகள் இல்லை என்பதே குறை. கால் நூற்றாண்டாக இப்படி மணந்து பிள்ளை பெற்று வாழ்ந்தவர்கள் அனைவரின் தலைமேலும் அத்தீர்ப்பு தொங்கியது. மனைவி என்ற நிலையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயின. அண்ணாவின் அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த மணங்களுக்கும் அது செல்லுபடி வழங்கியது.

அந்தப் பிரிவை நிதானமாகப் படித்தோம். ஆங்கிலச் சட்ட வாசகத்துக்கு நடுவே சுயமரியாதை, சீர்திருத்தம் என்ற இரு தமிழ்ச் சொற்கள் அப்படியே நிற்கின்றன. மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக அறிவிக்கலாம், அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். எது செய்தாலும் போதும். யார் முன்னிலையில்? உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில். இடம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கூரை பற்றியும் இல்லை. இந்தப் ‘பிறர்’ என்ற சொல்லை அப்போது நாங்கள் சும்மா கடந்துவிட்டோம்.

*

இவ்வளவும் தெரிந்த பிறகும் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. சாட்சிதான் மணத்தின் உயிர் என்றால், எல்லோரையும் அழைக்காமல் ஐம்பது பேரோடு நிறுத்துவது சரியா? சிறிய கல்யாணம் என்பது ஊரைக் கழித்துவிட்ட கல்யாணம் ஆகாதா?

ஐம்பது என்ற எண்ணிக்கை எங்களுக்குப் புதிதன்று. 2020இல் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளின்போது திருமணங்களுக்கு அரசு விதித்த உச்சவரம்பும் அதுவே. ஆயிரம் இலை போட்டால்தான் கௌரவம் என்றிருந்த குடும்பங்கள் ஐம்பது பேரோடு மணம் முடித்தன. குடி மூழ்கவில்லை. ஆனால் எங்கள் மணமக்களின் ஐம்பதுக்குக் காரணம் நோயன்று, அச்சம். பந்தலைச் சுற்றி நின்ற ஊர் வாழ்த்தவும் செய்யும், தடுக்கவும் செய்யும். வெளிப்படையாக அறிவித்தால் ஆள் வந்து நிற்குமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஊரறிந்த மணம் ஓர் ஆபத்து.

நீதிமன்றங்களும் இதே வாக்குவாதத்தை நடத்தியிருக்கின்றன. வழக்கறிஞர் அறைகளில் மறைவாக நடக்கும் சுயமரியாதைத் திருமணங்கள் முறையானவை ஆகா என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2023 ஆகஸ்டில் இளவரசன் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தைத் தவறென்றது. பலரறிய அறிவிக்க வேண்டும் என்று 7ஏ கோரவில்லை, எதிர்ப்புக்கும் அச்சுறுத்தலுக்கும் நடுவே மணப்பவர்களிடம் அதைக் கட்டாயமாக்குவது அவர்களின் உயிருக்கே கேடாகலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். கொடுப்போர் இல்லாமலும் சடங்கு உண்டு என்ற தொல்காப்பிய நூற்பாவின் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்க தீர்ப்பு அது.

எனினும் எங்கள் மணமகள் அறைக்குள் மணம் செய்துகொள்ள மறுத்தாள். "நான் ஒளியவில்லை, குறைவாகக் கூப்பிடுகிறேன், அவ்வளவுதான்" என்றாள். பொதுத்தோட்டம் ஏன் என்பதற்கு அதைவிட நல்ல விடை எங்களிடம் இல்லை. மண்டபத்துக்குள் வருகிறவர்களை வாசலில் நின்று எண்ணலாம். பொதுத்தோட்டத்துக்கு யாரும் வரலாம். அழைப்புச் சிறிது, இடம் பெரிது.

*

ஏற்பாடுகளைப் பற்றியும் சில வரிகள். பாம்பனில் நாள் குறிப்பதற்கு முன் காற்றைக் கேட்க வேண்டும். தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடகரை கொந்தளிக்கும், தென்கரை அடங்கியிருக்கும். வைகாசி தொடங்கிக் கச்சான் வீசும் காலத்தில் நிலைமை மாறும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையும் புயலும் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலை இத்தீவு இன்னும் மறக்கவில்லை. ஆகவே மாசியில், தென்கரையில், வெயில் ஏறுமுன் என்று முடிவாயிற்று.

அலங்காரத்துக்குத் துணிப்பந்தல் கட்டலாம் என்று நினைத்திருந்தோம். படகுக்காரர் ஒருவர் எங்கள் திட்டத்தைக் கேட்டுச் சிரித்தார். "துணியக் கட்டுனா அது பந்தலில்ல தம்பி, பாயி. மாப்பிள பொண்ணோட சேத்து இலங்கைக்குக் கொண்டுபோயிரும்" என்றார். தென்னங்கீற்றுப் பந்தலைத் தாழ்வாக, புன்னைகளின் மறைவில் போட்டோம். கீற்றினூடே காற்று புகுந்து போய்விடும். விளக்கு அணையாதிருக்க அரிக்கேன் விளக்கு. வாழையிலை பறக்கும் என்பதால் பனையோலைப் பட்டையில் பொங்கலும் சுண்டலும். இராமநாதபுரத்தில் பனையோலைக்கா பஞ்சம்? ஒலிபெருக்கி வேண்டாம் என்று விட்டோம். புதுமணல் கொண்டுவந்து பரப்பும் வேலை மட்டும் எங்களுக்கு இல்லை. காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தோம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தத் திருமணத்தையும் 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வேண்டிய சான்றுகளையும் அன்றே எடுத்துவைத்தோம்.

அனுமதி? நான்காம் முறை போனபோது அகநானூற்றுப் பாட்டின் உரையைப் படியெடுத்துக் கையில் கொண்டுபோனோம். அவர் அதை வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார். "காலையிலேயே முடிச்சிருங்க, குப்பை போடாதீங்க" என்பது மட்டுமே நிபந்தனை.

*

அன்று காலை மாலை மாற்றிக்கொள்ளும் வேளையில், பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் பெண்கள் சிலர் அவ்வழியே வந்தார்கள். விரல்களில் துணி சுற்றி, தோளில் பையோடு, தோட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். மணமக்கள் உறுதிமொழியைச் சொல்லி முடிக்கும்வரை அசையவில்லை. அகநானூற்றை நினைத்துப் பூவும் நெல்லும் ஒரு தட்டில் வைத்திருந்தோம். முதலில் யார் தூவுவது என்பதைத்தான் திட்டமிட மறந்துபோனோம்.

பெண்களில் மூத்தவர், "பொண்ணோட ஆத்தா எங்க?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பையை மணலில் இறக்கிவிட்டு, விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்து ஒரு கை அள்ளினார். மணமகளின் தலையில் தூவி, "நல்லா இருத்தா" என்றார். மற்றவர்களும் தூவினார்கள். கடல் வற்றும் நேரம் போய்விடும் என்று உடனே கிளம்பியும் விட்டார்கள். சாப்பிடச் சொன்னோம், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பதிவேட்டில் சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்கள் எங்கள் நண்பர்கள். அந்தப் பெண்களின் பெயர் எதிலும் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தவர்கள் உறவினருக்கும் நண்பருக்கும் அடுத்து அவர்களுக்கும் ஓரிடம் வைத்திருந்தார்கள். பிறர்.